குடிநோய் ஆலோசகர் கொள்கை ஆய்வுக்குப் போகலாமா? 180 பேரில் ஒருவரை மட்டுமே பார்த்த அனுபவம் அங்கே எதற்கு உதவும்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில், தொண்டு நிறுவனம் நடத்தும் 15 படுக்கைகள் கொண்ட போதை மீட்பு மையத்தில் 12 ஆண்டுகளாக ஆலோசகராகப் பணிபுரிகிறேன். சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு சேர்ந்த வேலை இது. வேறு எதுவும் செய்ததில்லை. இப்போது மனநலக் கொள்கை ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஆய்வாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று என்னால் முடிவெடுக்க இயலவில்லை. இரண்டு பணிகளையும் அறிந்தவர்கள் வழி சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் மனத்தை இந்தப் பக்கம் திருப்பிய நிகழ்வை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் நான்கு முறை சேர்ந்து, ஒவ்வொரு முறையும் சில மாதங்கள் குடிக்காமல் இருந்து, பிறகு மீண்டும் தொடங்கிய மீனவர் ஒருவர் கடந்த ஆண்டு இறந்துபோனார். காரியம் முடிந்த சில நாள்களில் அவருடைய மனைவி தனியாக வந்து, மீதமிருந்த, மீண்டும் குடிக்காமல் இருக்கத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்து, "இத வேற யாருக்காச்சும் குடுங்கம்மா, வீணாப் போவ வேணாம்" என்றார். அன்று மாலை, அந்த ஊரிலிருந்து இதுவரை எத்தனை பேர் எங்களிடம் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் பழைய பதிவேடுகள் அனைத்தையும் எடுத்துப் புரட்டினேன். அவர் ஒருவர்தான் இருந்தார். வீட்டுப் பார்வைக்காக அந்த ஊருக்கு நான் பல முறை போயிருக்கிறேன். அவரைவிட மோசமான நிலையில் இருந்தவர்கள் படகுத்துறையில் படுத்துக் கிடந்ததைக் கண்ணால் கண்டும் இருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை என்பது அன்றுவரை எனக்கு ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வைப் பிறகு படித்தேன். மதுவைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்துவிட்டவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர்தான். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். அப்படியென்றால் நான் 12 ஆண்டுகளாகப் பார்த்துவந்தது அந்த 180 பேரில் ஒருவரைத்தான்.

என் தயக்கங்கள் இரண்டு. எனக்குப் புள்ளியியல் தெரியாது. எண்களோடு வேலை செய்பவர்களின் நடுவே என் அனுபவத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்றும் தெரியவில்லை. மற்றொன்று, இப்போது என்னிடம் வந்துகொண்டிருப்பவர்களை விட்டுவிட்டுப் போகிறேன் என்ற குற்றவுணர்வு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய பதிவேடு எழுதியது:

சகோதரி, நான் 9 ஆண்டுகள் ஆலோசகராக இருந்துவிட்டு ஆய்வுப் பக்கம் வந்தவன். வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் முதல் தயக்கத்துக்கு ஒரு நிகழ்வையே பதிலாகத் தருகிறேன்.

நான் ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டில், குடிப்பழக்கத்தை அளவிட ஆடிட் வினாத்தாளைப் பயன்படுத்தினோம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண்கள், 8 அல்லது அதற்கு மேல் பெற்றால் தீங்கு தரும் குடி என்று கொள்ளலாம் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. அதில் இரண்டாம் கேள்வி, குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை 'டிரிங்க்' குடிப்பீர்கள் என்பது. களப்பணியாளர்கள் அதை "எத்தனை குடிப்பீர்கள்?" என்று தமிழாக்கிக் கேட்டார்கள், பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் "ஒன்று" என்றார்கள். மேசைக்கு வந்த தாள்களைப் பார்த்தபோது, இது நம் ஊர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "ஒன்று" என்று சொன்னவர்கள் ஒரு குவார்ட்டரைச் சொல்கிறார்கள் என்பது ஆலோசனை அறையில் ஒரு வாரம் உட்கார்ந்தவருக்கும் தெரியும். கணினியின் முன் இருந்த எவருக்கும் அது தெரியவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 விழுக்காடு சாராயம் என்றால் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். வினாத்தாள் சொல்லும் ஒரு 'டிரிங்க்' 10 கிராம். ஆக, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு 'டிரிங்க்'. தினமும் தனியாக ஒரு குவார்ட்டர் குடிக்கும் மனிதர் "ஒன்று" என்று சொன்னால் இரண்டாம் கேள்விக்குச் சுழியம் கிடைக்கும். ஆறு என்று பதிந்திருந்தால் 2 கிடைத்திருக்கும். ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்ற மூன்றாம் கேள்விக்கும் அவர் "இல்லை" என்பார், மறுபடி சுழியம். உண்மையில் அவர் பெற வேண்டியது 4. வாரத்தில் எத்தனை நாள் என்ற முதல் கேள்விக்கான 4 மதிப்பெண்ணோடு சேர்த்தால், முதல் மூன்று கேள்விகளில் மட்டும் 10 பெற வேண்டியவர் 4 பெற்று, சிக்கல் இல்லாதவர்களின் வரிசையில் போய் நிற்கிறார். இப்படி எத்தனை பேர் நின்றால் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை படுக்கைகள் குறையும் என்று எண்ணிப் பாருங்கள். குவார்ட்டர், ஆஃப், பீர் பாட்டில் ஆகியவற்றின் படங்களைக் காட்டி, யாரோடு பகிர்ந்தார் என்றும் கேட்டு, கணக்கை நாமே போடும்படி வினாத்தாளை மாற்றினோம். அந்த மாற்றத்துக்கு எனக்குத் தேவைப்பட்ட புள்ளியியல் பள்ளிக்கூடக் கூட்டலும் பெருக்கலும்தான். மற்றவற்றைப் பிறகு மெல்லக் கற்றுக்கொண்டேன்; நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

நீங்கள் செல்லும் இடத்தில் உங்களை அலைக்கழிக்கப்போகும் வேறொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குடிநோயால் தவிக்கும் ஒரே மனிதர் நம் நாட்டில் மூன்று துறைகளின் கோப்புகளில் மூன்று விதமாக இருக்கிறார். உங்கள் மையத்தைப் போன்றவற்றுக்கு மானியம் தருவது மத்திய சமூக நீதி அமைச்சகம். அங்கே அவர் மறுவாழ்வுக்கு உரியவர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள்களால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டதால், மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே அவர் நோயர், சுகாதாரத் துறையின் பொறுப்பு. மதுவை விற்பதோ, 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதையும் தன் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக். அது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ் வருகிறது, அங்கே அவர் வாடிக்கையாளர். இந்த மூன்று கோப்புகளும் ஒரே மேசையில் சந்திப்பதில்லை. மூன்றிலும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்பதை, அவரை முகம் பார்த்து அறிந்த ஒருவர் திரும்பத் திரும்ப எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் முன்பே நடந்தவர்கள் உண்டு. சென்னையில் 1980இல் மது மீட்புச் சிகிச்சைக்கென டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மையார் சமூகப்பணி படித்தவர். குடியால் கணவரை இழந்தவர். மையத்துக்கு வர இயலாதவர்களுக்காக மஞ்சக்குடியில் கிராம மக்களின் துணையோடு சிகிச்சை முகாம் நடத்தி, அந்த அனுபவத்தை 1994இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாகவும் எழுதினார். மையம் ஊருக்குப் போக வேண்டும் என்ற அந்த எண்ணமே உங்கள் மீனவக் கிராமத்துக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மாதிரிக்கூறு எழுதியது:

நான் ஆலோசகர் அல்லன். பொதுச் சுகாதாரத் துறையில் தரவுகளோடு பணிபுரிபவன். பழைய பதிவேடு ஐயா சொன்ன குவார்ட்டர் கணக்கை மனமார ஏற்கிறேன். ஆனால் ஆலோசனை அறையின் அனுபவம் கண்ணைத் திறப்பது போலவே சில வேளைகளில் மறைக்கவும் செய்யும் என்பதையும் இந்த அம்மா அறிந்துகொண்டு வர வேண்டும்.

1984இல் பாட்ரீசியா கோஹனும் ஜேக்கப் கோஹனும் 'மருத்துவரின் மாயை' என்று ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். நீண்ட காலம் நீடிக்கும், மீண்டும் மீண்டும் வரும் நோயுடையவர்களே ஒரு மருத்துவரின் அறையில் அதிகமாகத் தென்படுவார்கள். விரைவில் குணமானவர்கள் ஒரு முறை வந்துவிட்டுப் போய்விடுவார்கள், சிலர் வராமலே மீண்டுவிடுவார்கள். அறையில் இருப்பவரோ, தான் காண்பதே நோயின் முழு வடிவம் என்று எண்ணிக்கொள்வார். நான்கு முறை வந்த மீனவர் உங்கள் நினைவில் நான்கு மடங்கு இடம் பிடித்திருக்கிறார். ஒரு முறை வந்து, அதோடு நிறுத்திவிட்டு, நன்றி சொல்லக்கூட வராமல் வலை பின்னிக்கொண்டிருப்பவரை உங்களுக்கு நினைவிருக்கிறதா?

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 'இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் திரும்பவும் குடிக்கத்தான் போகிறார்கள், எதற்குப் பணம்' என்று நிதி ஒதுக்கும் கூட்டங்களில் கேட்கப்படும்போது, களத்திலிருந்து வந்தவர்களே தலையசைத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். தாமஸ் மெக்லெல்லனும் சக ஆய்வாளர்களும் 2000இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். போதைச் சார்பை இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா போன்ற நீடித்த நோய்களோடு வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். சிகிச்சைக்குப் பின் போதைக்குத் திரும்புவோர் 40 முதல் 60 விழுக்காடு. இரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புவது 50 முதல் 70 விழுக்காடு. இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தியவருக்கு அழுத்தம் ஏறினால் மாத்திரை பயனற்றது என்று எவரும் சொல்வதில்லை. அந்த மெக்லெல்லனே 2009இல் அமெரிக்க அரசின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக் கொள்கை அலுவலகத்தில் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

ஆறாம் ஆண்டு எழுதியது:

குடியை நிறுத்தி ஆறாவது ஆண்டு நடக்கிறது. ஆய்வு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்த மீதி 37 பேரில் ஒருவனாக நான் 11 ஆண்டுகள் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

சிகிச்சைக்கு வராதவர்கள் எங்கேயும் போகாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்று எரிச்சலுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று முறை போனேன். வண்டியில் விழுந்து கையில் தையல் போட அரசு மருத்துவமனைக்குப் போனேன். கை நடுங்கியபடியே சீட்டு வாங்கினேன். ஒவ்வொரு முறையும் அமில மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் "குடிச்சிட்டு வராதே" என்று சத்தம் போட்டார்கள். குடிப்பதைப் பற்றி என்னிடம் கேள்வியாக எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை உள்ளே போயிருக்கும்.

பழைய பதிவேடு எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதிய நான்கு வரிகளைச் சோதித்துப் பார்க்கத்தான் கோவாவில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. சங்காத் என்ற மனநலத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் முதலியோர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேறு நோய்க்காக வந்த ஆண்களிடமே ஆடிட் வினாத்தாளைக் கொடுத்து, 12 முதல் 19 வரை மதிப்பெண் பெற்றவர்களைச் சேர்த்தார்கள். மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஒன்று முதல் நான்கு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 26 விழுக்காட்டினரும் தீங்கு தரும் அளவுக்குக் கீழே வந்திருந்தார்கள். அண்மைய இரு வாரங்களில் குடிக்கவே இல்லை என்று சொன்னவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 42 விழுக்காடு, பெறாதவர்களில் 18 விழுக்காடு. மாத்திரையும் படுக்கையும் இல்லாமல் பேச்சினால் மட்டும் வந்த வேறுபாடு இது.

அந்தப் பேச்சின் வேர், மாற வேண்டும் என்ற எண்ணத்தை நோயரின் வாயிலிருந்தே வரவழைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல் என்னும் முறையில் இருக்கிறது. அதை வகுத்த வில்லியம் மில்லர், நார்வேயில் இளம் உளவியலாளர்களின் நடுவே நோயரோடு பேசும் விதத்தை நடித்துக் காட்டியபோது, 'இந்த இடத்தில் ஏன் இப்படிக் கேட்டீர்கள், ஏன் அதைச் சொல்லவில்லை' என்று அவர்கள் விடாமல் துளைத்தெடுத்தார்கள். தன்னையறியாமல் செய்துவந்ததை அவர்களுக்காகச் சொல்லில் வடித்து, 1983இல் கட்டுரையாக்கினார். சகோதரி, உங்கள் அறையில் நீங்கள் கைப்பழக்கமாகச் செய்வதை இப்படி யாரேனும் துளைத்துக் கேட்க வேண்டும். ஆய்வுக் குழு உங்களுக்குத் தரக்கூடியவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது அதைத்தான்.

மாதிரிக்கூறு சொன்ன மாயையை நானும் அனுபவித்திருக்கிறேன். அதற்கு நேர் எதிரான மறைப்பு ஒன்றும் உண்டு என்பதை 2020இல் கண்டோம். மார்ச் மாத ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. குடி குறைந்தது என்று எண்களில் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். நீண்டகாலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாளில் வலிப்போ பித்துநிலையோ வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்பது மீட்பு மையத்தின் காவலாளிக்கும் தெரியும். அந்த வாரங்களில் வார்னிஷும் சானிடைசரும் குடித்து இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. கேரளம் மருத்துவர் சீட்டின் பேரில் மது தரலாம் என்று ஆணையிட்டு, உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மூடியது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. மூடுவதற்கு முந்தைய நாள், திடீரெனக் குடியை நிறுத்துபவர்களுக்குத் தேவைப்படும் குளோர்டயசிபாக்சைடு மாத்திரையும் தயமின் என்ற வைட்டமினும் மாவட்ட மருத்துவமனைகளில் போதுமான அளவு இருக்கின்றனவா என்று கேட்க, முடிவெடுத்த கூட்டத்தில் ஓர் ஆலோசகர் இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அதே ஆதங்கம்தான் எழுந்தது. விலையை உயர்த்தினால் குடி குறையும் என்பது உலகெங்கும் உறுதிப்பட்ட உண்மை. ஆனால் சார்பு முற்றிய ஏழைத் தொழிலாளி விலை ஏறிய மறுநாள் எங்கே போவார் என்பதையும் விலையை உயர்த்தச் சொல்லும் கொள்கைக் குறிப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

படியேறும் பாதை எழுதியது:

நடைமுறை விவரம் மட்டும் சொல்கிறேன், அக்கா. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலச் சமூகப்பணியாளர். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்திலும் பொதுச் சுகாதார முதுகலை படிக்கலாம். படிப்புக்காக வேலையை விட வேண்டியிருக்கும் என்பதால், முதலில் திட்டத்தில் ஓராண்டு பணிபுரிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திட்டப் பணிகள் ஒப்பந்த அடிப்படையிலானவை; நிதி முடிந்தால் வேலையும் முடியும். இதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பழைய மையத்தில் உட்கார அனுமதி பெறுங்கள்; உங்கள் குற்றவுணர்வுக்கும் அது மருந்து, உங்கள் ஆய்வுக்கும் அது மருந்து.

காவிரிக்கரை எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. மாதிரிக்கூறு ஐயாவின் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஒரு முறை மட்டும் வந்து பிறகு வராதவர்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுக்கத் தொடங்கினேன். அப்படிப்பட்டவர்களே பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். அவர்களில் எவருடைய முகமும் எனக்கு நினைவில்லை. மீண்டார்களா, இறந்தார்களா, ஊர் மாறினார்களா என்பது எந்தப் பதிவிலும் இல்லை. எங்கள் அறிக்கையில் அவர்களுக்கு எதிரே 'தொடர்பு அறுந்தது' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

அழைப்பை ஏற்பதாக நேற்று எழுதிவிட்டேன். திங்கள்கிழமைகளில் மையத்தில் இருப்பேன் என்ற நிபந்தனையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நோயரின் இரகசியத்தைச் சட்டம் காக்கிறது என்பதால், அந்தப் பெயர்களைத் தேடிச் செல்வதற்கு முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பாக, மீனவக் கிராமத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளி வரிசையில் கேட்பதற்கான சிறிய வினாத்தாள் ஒன்றை வரைய வேண்டும். முதல் கேள்வியிலேயே நிற்கிறேன். "குடிப்பீர்களா?" என்று தொடங்கினால் வரிசையில் இருப்பவர்கள் முன்னிலையில் எவரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். ஆறாம் ஆண்டு தம்பி, அந்த மூன்று முறையில் ஏதேனும் ஒன்றில் உங்களிடம் எப்படிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பீர்கள்?

ஆறாம் ஆண்டு எழுதியது:

வரிசையில் கேட்காதீர்கள் அக்கா. இரத்த அழுத்தம் பார்க்கும்போது கேளுங்கள். அப்போது வந்தவரின் கை அளப்பவரிடம் இருக்கும், பக்கத்தில் வேறு ஆள் இருக்க மாட்டார். "குடிப்பீர்களா" என்பதற்கு நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். "எவ்வளவு" என்றால் பாதியாகக் குறைத்திருப்பேன். "நேற்று ராத்திரி தூங்கினீங்களா, தூங்குறதுக்கு என்ன போட வேண்டியிருந்துச்சு, அதை யாரோட பங்கு போட்டீங்க?" என்று ஒருவர் என் கையைப் பிடித்தபடி கேட்டிருந்தால், குவார்ட்டர் என்றும், யாரோடும் இல்லை என்றும் சொல்லியிருப்பேன்.